ஐந்து பதிவேடுகளில் ஒரு குடும்பம்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை அமைச்சர் அவர்கள், அத்துறையின் செயலாளர் அவர்கள், பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநர் அவர்கள், தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் குழும இயக்குநர் அவர்கள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராகப் பணியில் சேர்ந்து, பகுதி சுகாதார செவிலியராக ஓய்வுபெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகும் எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்திற்கும் அதைச் சுற்றியுள்ள வீடுகளுக்கும் போய்வந்துகொண்டிருக்கிறேன். நம் மாநிலத்தின் ஆரம்ப சுகாதாரப் பணியில் ஆட்கள் இருக்கிறார்கள், மருந்து இருக்கிறது, திட்டங்களும் குறைவில்லாமல் இருக்கின்றன. ஆனால் ஒரு குடும்பத்தின் உடல்நலத்துக்குச் சேர்ந்து பொறுப்பேற்கும் குழு என்று ஒன்று இல்லை. அந்தக் குழுவை உருவாக்குவது தங்கள் கையில் இருக்கிறது என்பதையும், அதற்குப் புதுக் கட்டடங்களோ புதுப் பெயர் சூட்டிய திட்டங்களோ வேண்டியதில்லை என்பதையும் எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நம் துறையின் சாதனைகளை நான் குறைத்து மதிப்பிடுபவள் அல்ல. 1939-இலேயே பொது சுகாதாரச் சட்டம் கண்ட மாநிலம் இது. 1994-இல் மருத்துவப் பணிகள் கழகத்தை அமைத்து, கடைக்கோடி நிலையத்திலும் மருந்து தீராமல் இருக்க வழிசெய்த மாநிலம். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. 2018-20-க்கான மாதிரிப் பதிவு ஆய்வில் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்குத் தாய் மரணம் 54 என்ற அளவுக்குக் குறைந்திருந்தது. இவை எப்படிக் கிடைத்தன என்பதைக் களத்தில் இருந்தவர்கள் அறிவோம். தன் பகுதியிலுள்ள ஒவ்வொரு கர்ப்பிணியையும் பெயர் சொல்லி அறிந்த ஒரு கிராம சுகாதார செவிலியர் இருந்தார். அவர் அனுப்பினால் எந்நேரமும் பிரசவம் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர்கள் இருந்தார்கள். சிக்கலான பிரசவம் என்றால் கொண்டுசேர்க்க வாகனமும், அறுவை செய்ய மகப்பேறு மையமும் இருந்தன. அதையும் மீறி ஒரு தாய் இறந்துவிட்டால், எந்த இடத்தில் தவறியது என்று அத்தனை பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துக் கேட்கும் தணிக்கை இருந்தது. அதுவே குழுப் பணி. அந்தப் பெயரை யாரும் அதற்குச் சூட்டவில்லை, அவ்வளவுதான். தாய்க்கும் சேய்க்கும் நாம் செய்துகாட்டிய இந்த முறையை, இன்று மக்களை வாட்டும் நோய்களுக்கு நாம் இன்னும் கொண்டுவரவில்லை.

2020-இல் நம் மாநிலத்தில் நடத்தப்பட்ட தொற்றா நோய்க் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும் 17.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் இருப்பது தெரியவந்தது. அதைவிட என்னைக் கலங்கச் செய்தது அடுத்த எண்: இரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 விழுக்காட்டினர் மட்டுமே; நீரிழிவு உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினர். சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு ஐயாயிரம் பேர் என்பது நம் கணக்கு. அவர்களில் கணக்கெடுப்பின் வயது வரம்புக்குள் வருபவர்கள் மூவாயிரம் பேர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு இரத்த அழுத்தம் இருக்கும்; அதில் கட்டுக்குள் இருப்பது எழுபத்துச் சொச்சம் பேருக்குத்தான். மிச்சமுள்ள தொள்ளாயிரம் பேரின் பக்கவாதமும் மாரடைப்பும் சிறுநீரகச் செயலிழப்பும் நம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் வாசலில் வந்து நிற்கின்றன. இந்தக் கணக்கெடுப்பு, வீடு தேடி மருந்து கொண்டுசெல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்குவதற்கு முந்தையது என்பதையும், அதன் பிறகு நிலைமை முன்னேறியிருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் முன்னேற வேண்டிய தொலைவு இன்னும் மிகப் பெரிது.

அந்தத் தொலைவு ஏன் குறையவில்லை என்பதை ஒரு வீட்டைக் காட்டி விளக்க விரும்புகிறேன். எங்கள் வட்டாரத்திலுள்ள ஒரு குடியிருப்பில், பக்கவாதத்தால் ஒரு கையும் காலும் விழுந்துபோன பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் மனைவிக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. மருமகள் இரண்டாவது பிள்ளைக்குக் கர்ப்பமாக இருந்தார். இரத்தச் சோகை வேறு. அந்த வீட்டுக்கு மாதந்தோறும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் வந்து மாத்திரை கொடுத்து, தன் கைப்பேசிச் செயலியில் பதிந்துவிட்டுப் போனார். இயன்முறை மருத்துவர் வந்து பெரியவருக்குப் பயிற்சி கொடுத்தார். கிராம சுகாதார செவிலியர் மருமகளின் பிக்மி எண்ணை, அதாவது கர்ப்பப் பதிவு எண்ணை, சரிபார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். சுகாதார ஆய்வாளரின் ஆட்கள் வந்து தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்த்து, சுவரில் தேதி எழுதிவிட்டுப் போனார்கள். அங்கன்வாடிப் பணியாளர் மூத்த பிள்ளையின் எடையைப் பார்த்தார். ஐந்து பிரிவினர், ஐந்து பதிவேடுகள். ஒவ்வொருவரும் தத்தம் வேலையைக் குறைவில்லாமல் செய்தார்கள். இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன்.

ஒருநாள் அந்த அம்மாவிடம் மாத்திரைகளை எடுத்துவரச் சொன்னேன். அவர் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். சர்க்கரை மாத்திரை தீர்ந்திருந்தது. இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் பட்டைகள் பிரிக்கப்படாமல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. “அதைப் போட்டா கால் வீங்குது நர்சம்மா, அதான் நிறுத்திட்டேன். கொண்டாந்து குடுக்கிற பிள்ளை மனசு கஷ்டப்படுமேன்னு வாங்கி வச்சுக்குவேன்” என்றார். அம்லோடிபினால் சிலருக்குக் கால் வீங்கும் என்பது மருத்துவர்கள் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அளவைக் குறைத்தோ வேறு மாத்திரைக்கு மாற்றியோ சரிசெய்யக்கூடிய சிறிய சிக்கல் அது. ஆனால் மாற்றும் அதிகாரம் உள்ள மருத்துவருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர வழியே இல்லை. தன்னார்வலரின் செயலியில் மாத்திரை கொடுக்கப்பட்டதா என்று பதிய இடம் இருந்தது. அது உண்ணப்பட்டதா, உண்ணாவிட்டால் ஏன் என்பதைக் கேட்டு நடவடிக்கை எடுக்க ஆள் இல்லை. இயன்முறை மருத்துவர் பெரியவருக்காக வந்தபோது அந்த அம்மாவுக்கும் அழுத்தம் பார்த்து, அதிகமாக இருப்பதைத் தம் குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தார். அந்தக் குறிப்பேடும் மருத்துவரின் மேசைக்கு வந்ததில்லை. சில மாதங்களில் அந்த அம்மாவையும் பக்கவாதத்துடன் 108-இல் ஏற்றிப் போனார்கள்.

இதில் குற்றம் சாட்டத்தக்க தனிமனிதர் எவரும் இல்லை. அமைப்பே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் பொது சுகாதாரத் துறையின் நிரந்தரப் பணியாளர். அவருக்கு மேலே பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர் என்று ஒரு வரிசை. சுகாதார ஆய்வாளருக்கு வட்டார சுகாதார மேற்பார்வையாளர் என்று இன்னொரு வரிசை. நலவாழ்வு மையத்தில் அமர்த்தப்பட்ட இடைநிலை சுகாதாரப் பணியாளர், தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் ஒப்பந்தப் பணியாளர். பெண் சுகாதாரத் தன்னார்வலர் மகளிர் சுய உதவிக் குழுக்களின் வழியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு ஊக்கத்தொகை பெறுபவர். வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் ஒரு வட்டாரம் முழுவதையும் ஒரு வாகனத்தில் சுற்றிவருகிறார்கள். காசநோய்க்கு ஒரு மேற்பார்வையாளர், தொழுநோய்க்கு இன்னொருவர், பள்ளிச் சிறார்களுக்குத் தனி மருத்துவ அணி. அங்கன்வாடியோ வேறு துறை. ஒவ்வொரு வரிசையும் மேல்நோக்கி அறிக்கை அனுப்புகிறது. ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டும் என்று எந்த அரசாணையும் அவர்களைக் கேட்பதில்லை. ஆய்வுக் கூட்டங்களில் ஒவ்வொருவரும் தம் திட்டத்தின் எண்ணைச் சொல்லி முடித்துவிட்டு அடுத்தவரின் எண்ணைக் கேட்காமல் உட்கார்ந்திருந்ததைப் பணிக்காலம் முழுவதும் பார்த்தவள் நான்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை நான் மனதார வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். நடக்க முடியாத முதியவர் மாத்திரைக்காக அரை நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை என்ற நிலை, அதை அனுபவித்தவர்களுக்கே தெரிந்த பெரிய ஆறுதல். 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தபோது களப்பணியாளர்கள் தங்களுக்கே கிடைத்ததாக மகிழ்ந்தார்கள். ஆனால் திட்டத்தின் அளவுகோல் எத்தனை வீடுகள், எத்தனை பயனாளிகள் என்பதாகவே இருக்கும்வரை, களப்பணியாளர்களின் கவனமும் அந்த எண்ணிக்கையிலேயே நிற்கும். எத்தனை பேரின் இரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தது என்பதை முதன்மை அளவுகோலாக்கினால், ஒரு தனிமனிதரால் அந்த எண்ணை உயர்த்த முடியாது என்பது உடனே விளங்கிவிடும். மாத்திரை கொடுப்பவர், அளந்து பார்ப்பவர், மருந்தை மாற்றுபவர், உணவைப் பற்றிப் பேசுபவர் நால்வரும் சேர்ந்தால்தான் அது உயரும். குழுவைக் கட்டாயப்படுத்துவதற்கு இதைவிட எளிய வழியை நான் அறியேன்.

குழு என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதைத் தெளிவாக்குகிறேன். ஒரு துணை சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் வாழும் அத்தனை குடும்பங்களும் ஒரே பட்டியலில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலுக்குக் கிராம சுகாதார செவிலியர், இடைநிலை சுகாதாரப் பணியாளர், தன்னார்வலர்கள், சுகாதார ஆய்வாளர், ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஒரு குறிப்பிட்ட மருத்துவர் ஆகியோர் பெயர் குறிப்பிட்டுக் கூட்டுப் பொறுப்பாளிகளாக்கப்பட வேண்டும். ‘உங்கள் குடும்பத்தின் மருத்துவர் இவர், செவிலியர் இவர்’ என்று ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். வாரத்தில் ஒரு பிற்பகல் இவர்கள் துணை சுகாதார நிலையத்தில் கூடி உட்கார வேண்டும். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள், புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பதை எந்தப் பணியாளரும் மறப்பதில்லை. ஏனென்றால் அந்த நாள்களை நாம் விட்டுக்கொடுத்ததே இல்லை. அதே உறுதியுடன் ஒரு நாளைக் குழு நாளாக அறிவிக்க வேண்டும். அன்று முகாம், காணொலிக் கூட்டம், அவசர அறிக்கை எதுவும் அவர்களிடம் கேட்கப்படக் கூடாது.

அந்தக் கூட்டத்தில் பேசவேண்டியது திட்டங்களை அல்ல, குடும்பங்களை. மூன்று மாதமாக அழுத்தம் குறையாதவர்கள் யார், மாத்திரையை நிறுத்தியவர்கள் யார், பிரசவமாகி வந்த தாய் தூங்குகிறாரா, குடியால் அல்லற்படும் வீடு எது, தனியாக வாழும் முதியவருக்குச் சமைத்துத் தருபவர் யார் என்று பெயர் பெயராகப் பேச வேண்டும். இரண்டு மணி நேரத்தில் இருபது குடும்பங்களைப் பற்றிப் பேசி, ஒவ்வொன்றுக்கும் அடுத்து யார் போவது, என்ன செய்வது என்று முடிவெடுத்துவிடலாம். மேலே நான் சொன்ன அம்மாவின் கால்வீக்கம் இப்படிப்பட்ட கூட்டத்தில் இரண்டு நிமிடப் பேச்சில் தீர்ந்திருக்கும். தன்னார்வலர் சொல்லியிருப்பார், இடைநிலைப் பணியாளர் போய்ப் பார்த்திருப்பார், மருத்துவர் அங்கேயே மருந்தை மாற்றி எழுதியிருப்பார்.

இது என் சொந்தக் கற்பனை அன்று. 1946-இல் வெளியான, சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான சுகாதாரக் குழுவின் அறிக்கை, நாற்பதாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று கணக்கிட்டபோதே, இரண்டு மருத்துவர்களுடன் பொது சுகாதாரச் செவிலியர்கள் நால்வர், மருத்துவச்சிகள் நால்வர், பயிற்சி பெற்ற தாதிகள் நால்வர், சுகாதார ஆய்வாளர்கள் இருவர் என்று ஒரு குழுவைத்தான் வரைந்தது. ஆரம்ப சுகாதாரம் குறித்து உலக நாடுகள் கூடி வெளியிட்ட 1978-இன் அல்மா-அட்டா பிரகடனமும், மருத்துவர் முதல் ஊர்ப் பணியாளர் வரை எல்லாரும் ஒரு சுகாதாரக் குழுவாக இயங்கப் பயிற்றுவிக்கப்பட வேண்டும் என்று சொன்னது. இதை நாடு முழுவதும் நடத்திக்காட்டிய நாடு பிரேசில். 1994-இல் தொடங்கிய குடும்ப நலத் திட்டத்தில், ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், துணைச் செவிலியர், அதே தெருக்களில் வாழும் சில சமுதாய சுகாதாரப் பணியாளர்கள் ஆகியோரைக் கொண்ட ஒவ்வொரு குழுவும் சில ஆயிரம் பேருக்குப் பெயர்ப் பட்டியலோடு பொறுப்பேற்கிறது. பின்னர் 2008-இல், இயன்முறை மருத்துவர், மனநல நிபுணர், உணவியல் நிபுணர் போன்றோரைத் தனியே சுற்றவிடாமல், இந்தக் குழுக்களுக்குத் துணை நிற்கும் அணிகளாக அமைத்தார்கள். நம் வட்டார அளவிலான இயன்முறை மருத்துவருக்கும் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியருக்கும் இதுவே பொருத்தமான இடம் என்று கருதுகிறேன். அண்டை மாநிலமான கேரளம் 2017-இல் ஆர்த்ரம் இயக்கத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப நல மையங்களாக மாற்றத் தொடங்கி, மருத்துவர், செவிலியர் எண்ணிக்கையைக் கூட்டி, மாலை வரை புறநோயாளிகளைப் பார்க்க ஏற்பாடு செய்தது. பகலெல்லாம் வயலிலும் ஆலையிலும் நிற்பவர்களுக்கு மாலை நேரம் எவ்வளவு முக்கியம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நம் மாநிலத்திலேயே சான்றுகள் உண்டு. தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்துச் சிட்டிலிங்கியில், மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993-இல் தொடங்கிய பழங்குடி நலப் பணி, உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே செவிலியர்களாகவும் ஊர்தோறும் நலப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்து, பச்சிளம் குழந்தைகளின் இறப்பைப் பெருமளவில் குறைத்தது. அரசுத் துறைக்குள்ளேயே 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இன்னொரு சான்று. புதிதாகக் காசநோய் கண்டறியப்பட்டவரின் உடல் எடை, கால்வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, தாங்கிப் பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்பது போன்ற எளிய அளவுகளைக் களப்பணியாளரே பார்த்து, மிகவும் நலிந்தவரை உடனே உள்நோயாளியாகச் சேர்க்கச் செய்வதே அதன் சாரம். விலையுயர்ந்த கருவி எதுவும் அதில் இல்லை. யார் எதைப் பார்ப்பது, பார்த்ததை யாரிடம் சொல்வது, சொன்னதும் அவர் என்ன செய்வது என்ற மூன்றையும் தெளிவாக எழுதிவைத்தார்கள். காசநோய்க்குச் செய்ததை இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் ஏன் செய்யக் கூடாது?

இனி, இந்தக் குழுவைத் தாங்கவேண்டிய பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இம்மடலில் தாங்கள் ஒரு பகுதியை மட்டுமே படிக்க நேரம் கிடைக்குமானால், இதைப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பெண் சுகாதாரத் தன்னார்வலர் நாள்தோறும் வெயிலில் நடந்து, வீடு வீடாக ஏறி இறங்கி, அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரை கொடுத்து, பதிவும் செய்கிறார். இதற்குப் பெயர் தன்னார்வம் என்றால், சம்பளத்துக்குச் செய்யும் வேலை என்பது எது? அவருக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகை சில ஆயிரம் ரூபாய்; அதுவும் சில மாதங்களில் தாமதமாக வருகிறது என்று என்னிடம் வருந்தியவர்கள் பலர். விடுப்பு இல்லை, பேறுகால ஊதியம் இல்லை, விபத்து நேர்ந்தால் கேட்க ஆளில்லை. கர்ப்பிணிகளின் நலத்துக்காகப் பாடுபடும் துறையில், வேலை செய்யும் பெண்ணுக்கே பேறுகால விடுப்பு இல்லாதிருப்பது எனக்குப் பெருந்துயரம் தருகிறது. பிரேசிலில் சமுதாய சுகாதாரப் பணியாளர்களை முறையான பணியாளர்களாக ஏற்று 2006-இல் தனிச் சட்டம் இயற்றினார்கள். 2022-இல், அவர்களின் ஊதியம் நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தைப்போல் இரு மடங்குக்குக் குறையக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தையே திருத்தினார்கள். அந்த அளவுக்கு உடனே செல்ல இயலாவிடினும், குறைந்தபட்ச ஊதியம், குறித்த நாளில் சம்பளம், பேறுகால விடுப்பு, காப்பீடு, பயிற்சிச் சான்றிதழ், அந்தச் சான்றிதழின் அடிப்படையில் மேற்படிப்புக்கும் பணி உயர்வுக்கும் வாய்ப்பு ஆகியவற்றை நம் அரசால் கொடுக்க முடியும். இன்று வீட்டுக்கு வீடு மாத்திரை கொண்டுசெல்லும் ஒரு பெண் நாளை துணைச் செவிலியர் பயிற்சி பெற்று அதே ஊருக்குச் செவிலியராக வரக்கூடிய பாதை திறந்திருக்க வேண்டும்.

இடைநிலை சுகாதாரப் பணியாளர்களின் நிலையும் இத்தகையதே. செவிலியப் பட்டமோ பட்டயமோ பெற்று, மேற்பயிற்சியும் பெற்று வந்த இவர்கள் ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற கவலையிலேயே இருக்கிறார்கள். குடும்பங்களை அறிந்துகொள்ள இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் ஒரு பணியில், அறிந்துகொண்ட வேளையில் ஆள் மாறிவிட்டால் குழுவும் கலைந்துவிடும். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வகுக்கப்பட்ட நெறிமுறைக்கு உட்பட்டு, மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு, மருந்தின் அளவை மாற்றும் அதிகாரத்தை இவர்களுக்கு எழுத்துமூலம் வழங்க வேண்டும். படித்த படிப்பைப் பயன்படுத்த விடாமல் படிவம் நிரப்பவைப்பது, அவர்களுக்கும் மக்களுக்கும் செய்யும் அநீதி.

கிராம சுகாதார செவிலியர்களைப் பொறுத்தவரை, காலியிடங்களை உரிய காலத்தில் நிரப்புவதே முதல் உதவி. 2023-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2,250 இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது என்பதிலிருந்தே, எத்தனை துணை நிலையங்களை அடுத்த ஊர்ச் செவிலியர் கூடுதல் பொறுப்பாகச் சுமந்துகொண்டிருந்தார் என்பது விளங்கும். இரண்டு ஊர்களைச் சுமப்பவர் எந்த ஊரையும் முழுமையாக அறிய முடியாது. அடுத்ததாக, பதிவுச் சுமை. பதிவேட்டில் எழுதியதையே ஒரு செயலியில் பதிந்து, அதையே இன்னொரு செயலியில் மீண்டும் பதிந்து, மாலையில் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் படமாகவும் அனுப்பவேண்டியிருக்கிறது. இரவு பத்து மணிக்குமேல் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி மொட்டை மாடியில் நின்று பதிவேற்றும் செவிலியர்களை எனக்குத் தெரியும். ஒரு குடும்பத்துக்கு ஒரே பதிவு, அதைக் குழுவின் எல்லா உறுப்பினர்களும் பார்க்கலாம், எழுதலாம் என்ற ஏற்பாடு வந்தால் இந்தச் சுமை பாதியாகக் குறையும். மென்பொருள்கள் பலவும் நம்மிடமே இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று பேசவைக்க வேண்டும்.

மருத்துவர்களுக்கும் இதில் நியாயம் செய்யப்பட வேண்டும். காலையில் நூற்றுக்கும் மேற்பட்ட புறநோயாளிகளைப் பார்த்துவிட்டு, முகாம், சான்றிதழ், நீதிமன்றச் சாட்சியம், ஆய்வுக் கூட்டம் என்று அலையும் இளம் மருத்துவரிடம், ஊருக்குப் போய்க் குழுவோடு உட்காருங்கள் என்று சொல்வது எளிது. அந்த நேரத்தை அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தால்தான் அது நடக்கும். ஒவ்வொரு மருத்துவருக்கும் குறிப்பிட்ட சில துணை நிலையங்களை நிலையாக ஒப்படைத்து, மாதம் ஒரு முறையேனும் அவர் அங்கே அமர்ந்து பார்க்கும் நாளைப் பணிநேரமாகவே கணக்கிட வேண்டும். குடும்ப மருத்துவத்தில் பட்ட மேற்படிப்பு முடித்தவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் தனிப் பணியிடமும் உயர்வும் கிடைத்தால், இந்தப் பணியை வாழ்நாள் பணியாக ஏற்கும் மருத்துவர்கள் வருவார்கள் என்று நம்புகிறேன்.

பெரிய மருத்துவமனையிலிருந்து திரும்பும் நோயாளி குறித்து ஒன்று சொல்லியாக வேண்டும். அனுப்பும் சீட்டு நம்மிடம் உண்டு; திரும்பிவரும் சீட்டு இல்லை. பக்கவாதத்துக்கோ மாரடைப்புக்கோ சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவரின் தகவல் அன்றே அவருடைய துணை சுகாதார நிலையத்துக்கு வந்தால், மூன்றாம் நாளே குழு அந்த வீட்டுக்குப் போய்விடும். இன்று அந்தத் தகவல் மஞ்சள் பையில் மடித்துவைத்த ஆங்கிலச் சீட்டாக வீட்டு ஆணியில் தொங்குகிறது. நகர்ப்புறங்களில் நிலைமை இன்னும் கடினம் என்பதையும் அறிவேன். வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களையும் வெளிமாநிலத் தொழிலாளர்களையும் பட்டியலில் வைத்திருப்பதற்கு மாநகராட்சிகளோடு சேர்ந்து தனி முறை வகுக்க வேண்டியிருக்கும்.

நிதி என்ற கேள்வி எழும். 2017-இன் தேசிய நலக் கொள்கை, சுகாதாரத்துக்கான நிதியில் மூன்றில் இரண்டு பங்கையோ அதற்கு மேலோ ஆரம்ப நிலைச் சேவைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. உயர் சிகிச்சைக்கும் காப்பீட்டுக்கும் நாம் செலவிடுவதைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆண்டுதோறும் கூடும் தொகையில் பெரும்பகுதி இங்கே வரட்டும் என்றுதான் கேட்கிறேன். ஒரு டயாலிசிஸ் நோயாளிக்கு அரசு வாழ்நாள் முழுவதும் செய்யும் செலவை நினைத்தால், அவரை அந்நிலைக்குப் போகாமல் காக்கக்கூடிய ஒரு தன்னார்வலரின் ஊதியம் பெரிய தொகையே அல்ல.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். மாநிலம் முழுவதும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. மாவட்டத்துக்கு ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுங்கள்; மலைப்பகுதி உள்ள மாவட்டங்களில் அதை மலை வட்டாரமாகவே தேர்ந்தெடுங்கள். அங்கே பணியாற்றும் அனைவரையும், அவர்கள் எந்தத் திட்டத்தின் ஊதியத்தில் இருந்தாலும், அன்றாடப் பணியில் வட்டார மருத்துவ அலுவலரின் தலைமையில் துணை நிலையவாரிக் குழுக்களாக்கும் அரசாணையை வெளியிடுங்கள். வாரந்தோறும் ஒரு பிற்பகலைக் குழு நாளாக்குங்கள். காலியிடங்களை அந்த வட்டாரங்களில் முதலில் நிரப்புங்கள். தன்னார்வலர்களின் ஊதிய உயர்வை அங்கிருந்தே தொடங்குங்கள். இரண்டு ஆண்டுகள் அந்தக் குழுக்களை இடமாற்றமின்றி ஒன்றாக வைத்திருங்கள்.

அந்த வட்டாரங்களில் எத்தனை பேருக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருக்கின்றன, எத்தனை பேருக்குக் கட்டுக்குள் வந்திருக்கின்றன, எத்தனை பேர் மருந்தை நிறுத்தியிருக்கிறார்கள், குழுவில் எந்தப் பணியிடம் காலியாக இருக்கிறது என்ற விவரங்களை, எவர் பெயரும் வெளிப்படாதவாறு, ஊராட்சி வாரியாகக் கிராம சபையில் படிக்கச் செய்யுங்கள். குடியரசு நாள் தொடங்கி நவம்பர் 1 உள்ளாட்சிகள் நாள் வரை ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நம் ஊர்களில் கூடுகின்றன. குடிநீரையும் சாலையையும் தெருவிளக்கையும் பற்றிக் கேள்வி கேட்கும் மக்கள், தங்கள் ஊரின் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் கேட்பார்கள். செவிலியர் பணியிடம் ஏன் காலியாக இருக்கிறது என்றும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு எழுத்துமூலம் பதில் தரும் கடமையை மாவட்ட சுகாதார அலுவலருக்கு விதியுங்கள்.

இதற்கான அரசாணையைத் தயாரிக்கும்போது, களத்தில் இப்போது பணியாற்றும் கிராம சுகாதார செவிலியர், தன்னார்வலர், இடைநிலைப் பணியாளர், சுகாதார ஆய்வாளர் ஆகியோரின் பிரதிநிதிகளையும் அழைத்துக் கேட்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பகுதி சுகாதார செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்.